ஓடிப்போறதுக்கு எத்தனை சொல்

சரசு ரீச்சர் அன்றைக்குச் சுறா கேட்டார்.

தண்ணீரூற்று ஊரில் அவருடைய வாசல் படலைக்கு முன்னால் என் மோட்டார் சைக்கிள் பல வருஷமாக நின்று போகிறது. ரப்பர் பந்து ஹோர்னை அமத்துவேன். அவர் சின்னக் கிண்ணத்தோடு வருவார். நெத்தலி, இல்லாவிட்டால் சூடை. தனி மனுசி. பாதி அவருக்கு, பாதி பூனைக்கு. வேறு மீன் அவர் கேட்டதும் இல்லை, நான் பெட்டி மூடியைத் திறந்து காட்டினதும் இல்லை.

அன்றைக்குக் கையில் பெரிய சட்டி.

"தம்பி, சுறா இருக்கோ?"

"இருக்கு ரீச்சர். பால்சுறா. ஆரும் வந்திருக்கினமோ?"

"ஓமோம். விருந்தாளியள். முள்ளில்லாததாப் பாத்துத் தாங்கோ."

"சுறாவிலை எங்கை ரீச்சர் முள்ளு?"

"அதுதானே கேக்கிறன்."

சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் ஒருக்கால் திரும்பிப் பார்த்தார். முன் கதவு சாத்தியிருந்தது. பகலில் அந்தக் கதவு சாத்தி நான் கண்டதில்லை.

சுறாவைத் தராசில் போட்டேன். கரையில் பிறந்து வளர்ந்தும் முள்ளுக்குப் பயந்து சுறாவையும் திருக்கையையும் தவிர வேறு மீன் தொடாத ஒருத்தியை எனக்குத் தெரியும். சின்ன வயதில் தொண்டையில் முள் சிக்கி, வைத்தியசாலை வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றிலிருந்து அவளுக்கு இந்தப் பயம். "மீன்காரன்ரை மகள் மீனுக்குப் பயம்" என்று எங்கள் ஒழுங்கையில் பழிப்பார்கள்.

அவள் என் மகள் ஜெனிற்றா. அதற்கு முதல் கிழமைதான் வீட்டை விட்டுப் போயிருந்தாள்.

பாய்ஞ்சதும் கட்டறுத்ததும்

இந்தத் தொடரில் இதுவரை ஐஸ், றோட்டு, யானை என்று எழுதி வந்தேன். வீட்டுக் கதை எழுதுவதில்லை என்றிருந்தேன். இது வீட்டுக் கதைதான். ஆனால் ஊர் முழுக்கக் கதைத்து முடித்துவிட்டது. இனி நான் எழுதுவதால் ஒன்றும் கூடப்போவதில்லை.

ஜெனிற்றா கிளிநொச்சிக்குக் கணினி படிக்கப் போனாள். அங்கே குகன் என்ற பெடியனைப் பழக்கமாம். பளையில் ஒரு தும்பு ஆலையில் லொறி ஓட்டுகிறவன். சொந்த இடம் மல்லாவி. யாழ்ப்பாணத்தில் இருந்து குடியேற்றத்துக்கு வந்து வயல் செய்கிற சைவக் குடும்பம். நாங்கள் வேதக்காரர், கடற்கரைச் சனம். இந்த இரண்டு வசனத்துக்குள் மிச்சம் எல்லாம் அடக்கம்.

போன அன்று காலையிலும் அவள் வழமைபோல "போட்டு வாறன் அம்மா" என்றுதான் சொன்னாள். பின்னேரம் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. "அப்பா, எழுதிப்போட்டம். தேடாதேங்கோ. சுகமா இருக்கிறன்."

எழுதுவது என்றால் பதிவுத் திருமணம். கோவிலும் இல்லை, தேவாலயமும் இல்லை.

அடுத்த நாள் விடிய நான் கரைக்குப் போக முதலே சொல் போய்விட்டிருந்தது. "ஜெனிற்றா பாய்ஞ்சிட்டாளாம்." எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. மணலை மீன் வலையைக் கண்டால் மற்ற மீனைப்போல முட்டிக்கொண்டு நிற்காது. மேலால் பாயும். பாய்ந்த மீனைப் பற்றி ஒருவரும் குறை சொல்வதில்லை. வலையைப் பிடித்தவன் எங்கே பார்த்துக்கொண்டு நின்றான் என்றுதான் கேட்பார்கள்.

வலை பிடித்தவன் நான். அதனால் அந்தச் சொல்லை நான் மிச்ச நாளெல்லாம் யோசித்தேன்.

மல்லாவியில் வேறு சொல். அங்கே மாடு வளர்க்கிற சனம். "பெடியன் கட்டறுத்துக்கொண்டு போட்டான்" என்று தேத்தண்ணிக் கடையில் ஒருவர் மற்றவருக்குச் சொன்னார். நான் பக்கத்து வாங்கில் பணிஸ் தின்றுகொண்டிருந்தேன். பெட்டையின் தகப்பன் நான் என்று அவருக்குத் தெரியாது.

கரையில் வலை பிழை. வயலில் கயிறு பிழை. ஓடின இரண்டு பேரையும் ஒருவரும் பேசவில்லை.

எங்கள் கரையில் மல்லாவிப் பெடியன் எங்கள் பிள்ளையைக் கொண்டு ஓடினான். மல்லாவியில் கரைப் பெட்டை அவர்களுடைய பெடியனைக் கொண்டு ஓடினாள். இதுவும் கவனிக்க வேண்டியது.

நோர்வேக்காரன் காலைத் தூக்கிப் பிடரியில் வைப்பான்

வவுனியாவில் இருந்து ஐஸ் லொறியோடு வருகிறவர் நிமல். சிங்களவர். எங்கள் கரையில் மீன் எடுத்துக்கொண்டு போவார். தமிழ் கொஞ்சம் தெரியும், எனக்குச் சிங்களம் கொஞ்சம் தெரியும், இரண்டையும் சேர்த்தால் ஒரு பாஷை வரும். அவருக்கும் கதை போய்விட்டது.

"மல்லி, துவ பெனலா கியாத?" என்று கேட்டார். தம்பி, மகள் பாய்ந்து போய்விட்டாளா என்று.

அவர்களும் பாய்வது என்றுதான் சொல்கிறார்கள். அவருடைய ஊர் மலைப்பக்கம், கடலே இல்லை. எதற்கு மேலால் பாய்கிறார்கள் என்று கேட்டேன்.

"வேலிக்கு மேல. என்ட தங்கச்சியும் பாய்ஞ்சது. அம்மா ரெண்டு வருஷம் கதைக்கல்ல. இப்ப அம்மா அங்கதான் இருக்கிறது, எங்க வீட்டுக்கு வாறதே இல்ல."

சொல்லிவிட்டு ஐஸ் கட்டியை உடைக்கத் தொடங்கினார். ஆறுதல் சொன்னாரா, பயப்படுத்தினாரா என்று எனக்கு விளங்கவில்லை. ரெண்டு வருஷம் என்பது மட்டும் காதில் நின்றது.

நோர்வேயில் இருக்கிற என் மச்சான் அன்ரன், என் மனைவி றெஜினாவின் தம்பி, ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் வந்தான். றெஜினா போனைக் கதிரையில் சாத்தி வைத்துவிட்டு வெங்காயம் உரித்தாள். கண்ணீருக்கு அது வசதி.

"அக்கா, இஞ்சை ஒருத்தன் விழுந்தடிச்சு ஓடினால் 'தா பெய்னா போ நாக்கன்' எண்டுவாங்கள். காலை எடுத்துப் பிடரியிலை வைக்கிறதாம்."

"எங்கடை ஆக்களும் அதைத்தானே சொல்லுறது," என்றேன் நான். "பின்னங்கால் பிடரியிலை அடிபட ஓடினான் எண்டு."

"அதுதான் அத்தான், எனக்கும் அதிசயம். பனிக்குள்ளை இருக்கிறவனுக்கும் எங்களுக்கும் ஓட்டம் ஒண்டுதான் போல."

பிறகு இன்னொன்றும் சொன்னான். சொல்லிக்கொள்ளாமல் நழுவுவதை இங்கிலிஷ்காரர் பிரெஞ்சு லீவு என்பார்களாம். பிரெஞ்சுக்காரர் அதையே இங்கிலிஷ்காரன் மாதிரி நழுவுவது என்பார்களாம். நழுவுகிறவன் எப்போதும் பக்கத்து நாட்டுக்காரன்.

றெஜினா வெங்காயத்தில் இருந்து தலையை எடுக்காமல் கேட்டாள்.

"நீ போனது எந்தச் சொல்லடா?"

"நான் போனதோ? அது ஏஜென்சி, அக்கா."

அந்தக் கிழமையில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். சிரித்து முடியப் போனை அமத்திவிட்டு, "அவள்ரை பேரை இந்த வீட்டிலை கதைக்கக்கூடாது" என்றாள். நாங்கள் ஒருவரும் பேரைச் சொல்லியிருக்கவில்லை.

வெளிக்கிடுறது

எங்களிடம் இருக்கிற சொற்களில் எனக்குப் பழக்கமானது வெளிக்கிடுறது. கலியாண வீட்டுக்குச் சீலை உடுத்திப் பவுடர் பூசுவதும் வெளிக்கிடுறதுதான். ஷெல் விழத் தொடங்கப் பாயும் சட்டியும் சைக்கிளில் கட்டுவதும் வெளிக்கிடுறதுதான். "வெளிக்கிட்டாச்சோ?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு குரல் கேட்டால், எதற்கு என்று கேட்கத் தேவையில்லை. சத்தத்தில் தெரியும்.

ஓடினோம் என்று அந்த நாளில் ஒருவரும் சொல்லவில்லை. அரசாங்கக் கடதாசியில் இடம்பெயர்ந்தோர் என்று போட்டார்கள். இடம் பெயர்ந்ததா, நாங்கள் பெயர்ந்தோமா என்று அப்போது யோசிக்க நேரம் இருக்கவில்லை.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினவன் இல்லை. பள்ளிக்கூடம் எங்களை விட்டு ஓடியது. ஒரு ஊரில் மரத்தடியில் நடந்தது, அடுத்த ஊரில் தகரக் கொட்டிலில் நடந்தது, அதற்கு அடுத்த ஊருக்கு அது எந்தப் பக்கத்தால் போனதென்று தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் மீன் பெட்டியைப் பிடித்தேன். ஆதலால் சொற்களைப் பற்றி நான் எழுதுவதில் பிழை இருக்கலாம். காதில் விழுந்ததைத்தான் எழுதுகிறேன்.

இவ்வளவு ஓடின சனத்துக்கு ஒரு பிள்ளை ஓடினது ஏன் இவ்வளவு பெரிதாகப் பட்டது என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஓட்டமெல்லாம் சேர்ந்து ஓடினது. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினது. எங்களிடம் இருந்து ஒருவரும் ஓடவில்லை.

தெரியாத வீடு

ஓடினவர்கள் ஒரு வீட்டில் தங்குவார்கள். பெரியம்மா வீடு, மாமி வீடு, அப்படி ஒரு இடம். இரண்டு பகுதிக்கும் அது எந்த வீடு என்று தெரியும். தெரியாதமாதிரி இருக்கவேணும், அதுதான் முறை. தகப்பன் அந்தப் படலைக்குப் போனால் ஒன்று சண்டைக்குப் போனதாகும், அல்லது ஏற்றுக்கொண்டதாகும். சும்மா பார்த்துவிட்டு வர வழி இல்லை.

மீன்காரனுக்கு மட்டும் வழி உண்டு. மீன்காரன் எந்தப் படலையிலும் நிற்கலாம்.

எனக்கு இருந்த பயம் வேறு. எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை இப்படித்தான் போனவள். இன்றைக்கு நாளைக்கு என்று விட்டார்கள். இப்போது அவள் குழந்தையோடு பஸ்ஸில் எங்கள் சந்தியைத் தாண்டிப் போகிறாள், இறங்குவதில்லை. தாய் வாசலில் நின்று பஸ்ஸைப் பார்க்கிறா. கோபம் எப்போதோ முடிந்துவிட்டது. வராமல் இருக்க அவளும் கூப்பிடாமல் இருக்க இவாவும் பழகிவிட்டார்கள். ஜெனிற்றாவும் பழகிவிடுவாளோ, நாங்களும் பழகிவிடுவோமோ என்பதுதான் எனக்கு. ஐஸ் கரைவதுகூட அந்த நாட்களில் கெதியாய்க் கரைவதுபோல இருந்தது.

சுறா விற்ற அன்று வீட்டுக்கு வந்து, முற்றம் கூட்டிக்கொண்டிருந்த றெஜினாவுக்குப் பொதுவாகச் சொன்னேன்.

"தண்ணீரூற்று ரீச்சர் இண்டைக்குச் சுறா வாங்கினவா."

"பூனைக்கோ?"

"விருந்தாளியாம். முள்ளில்லாதது வேணுமாம்."

அவள் கூட்டின இடத்தையே திருப்பிக் கூட்டினாள்.

அடுத்த நாள் விடிய வள்ளம் வந்தபோது என்னுடைய பெட்டிக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். கல்யாணம் முடித்த காலத்தில் இருந்து வராதவள். குவியலுக்குள் இருந்து ஒரு இளம் சுறாவைத் தெரிந்து எடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுடுதண்ணீர் ஊற்றி, சொரசொரத்த தோலைச் சுரண்டி, உதிர்த்து வறை வறுக்க ஏற்றபடி துண்டு போட்டு, தனியாக ஒரு பையில் கட்டி, ஐஸுக்கு மேலால் வைத்தாள்.

"இது ஆருக்கு?"

"ஆரும் வாங்குவினம். வைச்சுக்கொண்டு போங்கோவன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஐஸுக்கு மேலால் அப்படி ஒரு பை இருந்தது. முப்பது வீட்டுக்கு மீன் கொடுக்கிறேன். ஒரு வீட்டுக்கும் நாங்கள் தோல் உரித்துக் கொடுத்ததில்லை.

இரண்டு தெரியாது

மல்லாவியில் குகனின் தாய் பாக்கியமக்கா என் பழைய வாடிக்கை. வெள்ளி தவிர மற்ற நாளெல்லாம் மீன் எடுப்பா. சரசு ரீச்சர் அவாவுக்குத் தமக்கை. அந்தத் தண்ணீரூற்றுப் படலையை எனக்குக் காட்டித் தந்ததும் பாக்கியமக்காதான்.

கதை நடந்த பிறகு அவாவின் வீட்டுக்கு முன்னால் நான் ஹோர்ன் அடிக்காமல் போய்வந்தேன். ஒரு நாள் அவா றோட்டுக்கே வந்து நின்றா. கையில் சட்டி.

"என்ன தம்பி, எல்லா வாசலும் தெரியுது, எங்கடை வாசல் மட்டும் தெரியேல்லையோ?"

"ஐஸ் கரையுது அக்கா. அதுதான் அவசரம்."

"சம்பந்தியெண்டால் மீன் தரமாட்டியளோ?"

அந்தச் சொல்லை முதலில் சொன்னது அவாதான். நான் பெட்டியைத் திறந்து குனிந்துகொண்டேன்.

"இவர் ஒரே பேச்சு. கட்டறுத்த மாடு, கட்டாக்காலி எண்டு. நான் சொன்னன், நீங்கள் என்ரை அப்பாவைக் கேட்டோ என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள் எண்டு. அதோடை வாய் மூடிட்டார்." அவா குரலைத் தாழ்த்தினா. "அதுகள் எங்கை இருக்குதுகள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ தம்பி?"

"தெரியாது அக்கா."

"எனக்கும் தெரியாது."

இரண்டு பேரும் மீனைப் பார்த்தோம்.

பிறகு அவா உள்ளே போய்ப் புது நெல் குத்தின அரிசி ஒரு பை கொண்டுவந்தா. "தண்ணீரூற்றுப் பக்கம் போறனீங்கள்தானே. அக்காட்டைக் குடுத்துவிடுங்கோ." தனி மனுசிக்கு அவ்வளவு அரிசி எதற்கு என்று நான் கேட்கவில்லை. பெட்டிக்கு மேலால் கட்டினேன். மாங்குளம் வரும்வரை அது சரிந்துவிடுமோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்படி மல்லாவி அரிசியும் கரைச் சுறாவும் என் மோட்டார் சைக்கிளில் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. யாருக்கும் ஒன்றும் தெரியாது.

மதகு

அன்றைக்கு ரீச்சர் வரவில்லை. ஹோர்ன் அடித்தேன். திருப்பியும் அடித்தேன். படலை திறந்தது. சட்டியோடு வந்தது ஜெனிற்றா.

வீட்டில் போடுகிற அதே பூப்போட்ட சட்டை. கழுத்தில் மஞ்சள் கயிறு. கொஞ்சம் மெலிந்திருந்தாள், அல்லது எனக்கு அப்படிப் பட்டது. கொடியில் ஒரு ஆண்பிள்ளைச் சேட் காய்ந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். கை மோட்டார் சைக்கிளை ஸ்ரார்ட் பண்ணிவிட்டது.

அடுத்த ஒழுங்கை, அதற்கு அடுத்த ஒழுங்கை, வாய்க்கால் மதகு வரைக்கும் நான் நிற்கவில்லை. மதகில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். என் பெட்டி மூடி திறந்து ஆடிக்கொண்டிருந்தது.

"என்னண்ணை, நாய் கலைச்சதோ?"

"ஓம்," என்றேன்.

"எந்த வீட்டு நாய்?"

மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மூடியைச் சரியாகக் கட்டினேன். கட்டினதை அவிழ்த்துத் திருப்பிக் கட்டினேன். நான் செய்ததற்கு நிமலிடமும் அன்ரனிடமும் கேட்டால் ஏதும் சொல் இருக்கலாம். எங்களிடம் எனக்குத் தெரிந்து இல்லை. பிள்ளைகள் தகப்பனை விட்டு ஓடுவதற்குத்தான் எங்களிடம் சொல் இருக்கிறது.

திருப்பிக்கொண்டு போனேன். போகிற வழியில், அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருப்பாள், இனி ஒருக்காலும் வரமாட்டாள், குகனிடம் சொல்லி வீடு மாறிவிடுவார்கள் என்று எல்லாவற்றையும் நினைத்து முடித்துவிட்டேன்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். சட்டி வெறுமையாய்.

"காசு வாங்காமல் போறார் எண்டு பாத்தால், மீனும் தராமல் போறார்," என்றாள். கண் கலங்கியிருந்தது. குரல் வீட்டில் கதைக்கிற குரல்தான்.

நான் ஐஸுக்கு மேலால் இருந்த பையை எடுத்தேன். வழமையாக ரீச்சரின் சட்டிக்குள் சும்மா வைத்துவிடுவேன். அன்றைக்குக் கையில் கொடுத்தேன்.

"இது கொம்மா உரிச்சது."

அவள் பையைப் பிடித்தபடி நின்றாள்.

"இவ்வளவு நாளும் வந்ததுமோ?"

"எல்லாம்."

"அம்மாவுக்குத் தெரியுமோ நான் இஞ்சை எண்டு?"

"நான் சொல்லேல்லை. அவா கேக்கவும் இல்லை."

கொஞ்ச நேரம் அவள் துண்டுகளைப் பைக்கு வெளியாலேயே விரலால் தடவிப் பார்த்தாள். முள்ளுத் தேடுகிற பழைய பழக்கம்.

"நேற்றையான் துண்டிலை கரையாலை தோல் கிடந்தது. வறை சொரசொரத்துப் போச்சு," என்றாள். "அம்மாட்டைச் சொல்லுங்கோ."

உள்ளே யாரோ இருமினார்கள். மருமகனாக இருக்கவேணும். அதற்கு மேல் நான் நிற்கவில்லை. இந்த முறை "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிட்டேன்.

வீட்டில் றெஜினா குசினிக்குள் நின்றாள். சொல்லவா, விடவா என்று கிணற்றடிக்கும் குசினிக்கும் நடந்தேன். கடைசியில் வாசலில் நின்றுகொண்டு, பேர் சொல்லாமல் சொன்னேன்.

"தோல் சரியா உரிபடேல்லையாம். வறை சொரசொரத்துப் போச்சாம்."

அகப்பை நின்றது. யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை.

"இவ்வளவு நொட்டை சொல்லுறவா வந்து தானே உரிக்கட்டும்," என்றாள்.

"எப்ப வரச்சொல்லுறது?"

"ஞாயிறு பூசை முடிய." திருப்பி அகப்பையைப் போட்டுக் கிண்டினாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "அந்தப் பெடியன் என்ன மீன் தின்னுறவன்?"

அந்த வீட்டுக்கு எத்தனையோ வருஷம் மீன் கொடுத்தவன் நான். என்ன வாங்குவார்கள் என்று தெரியும். பெடியன் எதை விரும்பித் தின்பான் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"கேட்டுக்கொண்டு வாறன்," என்றேன்.